சோற்று வேளை இங்கிலீஷ்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு மாடி வீடு. கடைக்கால் தோண்டியதிலிருந்து மொட்டைமாடிக்குத் தளம் போட்டது வரை கூடவே நின்று கட்டினேன். மூன்று பெண்கள்; ‘பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குப் படிப்பு’ என்று கேட்ட சொந்த அண்ணனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, மூன்று பேரையும் எஸ்.எஸ்.எல்.சி. தாண்ட வைத்தேன். கரிக்கூடை சுமக்க ஹார்பருக்குள் நுழைந்தவன், காதில் பென்சில் செருகிய டேலி கிளார்க்காக வெளியே வந்தேன். டேலி கிளார்க் என்றால் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பவன். இடையில் எவன் காலையும் பிடிக்கவில்லை.

நான்காவதாக ஒன்று கட்டினேன். அதற்கு பெஞ்சு கிடையாது, கரும்பலகை கிடையாது, கூரைகூடப் பாதிதான். ஹார்பர் சரக்கு ஷெட்டின் தாழ்வாரத்தில், சோற்று வேளையில், மூட்டை தூக்கும் ஆட்களுக்கு இங்கிலீஷ் படித்துப் புரிந்துகொள்ளச் சொல்லித்தந்த வகுப்பு அது.

வீட்டுப் பத்திரத்தில் என் பேர் இருக்கிறது. பெண்களின் சர்டிபிகேட்டில் தகப்பன் பேர் என் பேர். நான்காவதில் மட்டும் இன்னொருவர் பேர் இருக்கிறது. போன வருஷம் சங்கம் போட்ட மலரில் ஒரு நல அதிகாரியின் படத்தைப் போட்டு, ‘தொழிலாளர் இங்கிலீஷ் வாசிப்பு வகுப்பைத் தோற்றுவித்த பெருமகனார்’ என்று கீழே அச்சடித்திருந்தார்கள். படத்தில் கோட்டு, டை எல்லாம் சரியாக இருந்தது. சேதிதான் பொய்.

சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். “நைனா, நீ அந்தக் காலத்து ஆளு, உன் அனுபவத்த எழுதிக் குடு, அடுத்த மலர்ல போட்டுடறோம்” என்றார்கள். எழுதுகிறேன். ஒரு வரியையும் வெட்டாமல் போடுங்கள். இலக்கணம் சரியில்லை என்று எவனாவது சொன்னால், எனக்கு அதைக் கற்றுத்தர அன்றைக்கு யாரும் வரவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள்.

என் படிப்பு மூன்றாம் வகுப்பு. ராயபுரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அப்பாவுக்கு இடுப்பு போனதும் கூடை என் தலைக்கு மாறியது. பள்ளிக்கூடம் கொடுத்தது இருபத்தாறு எழுத்து; மீதியை நானே எடுத்துக்கொண்டேன். பிஸ்கட் டின்னில் படித்தேன். தீப்பெட்டியில் படித்தேன். டிராம் டிக்கெட்டின் பின்பக்கம் படித்தேன். பேசின் பிரிட்ஜ் யார்டில் நின்ற கூட்ஸ் வண்டிகளின் விலாவில் படித்தேன். வண்டி நகர்ந்தால் கூடவே ஓடிப் படித்தேன். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது நான் ஓடவில்லை. ஆள் பஞ்சத்தில் வேலை நிலைத்தது. பட்டாளத்துக்காரன் தின்றுவிட்டுப் போட்ட டப்பாக்கள்தான் என் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம்.

சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரன் போனான், அவன் எழுத்து போகவில்லை. கேட்டில் ஒட்டும் நோட்டீசு இங்கிலீஷ், சம்பளத் தாள் இங்கிலீஷ், எச்சரிக்கைப் பலகை இங்கிலீஷ். ஒருமுறை ஷிப்டு நேரம் மாறியது. மாறிய சேதியைக் கேட்டில் ஒட்டினார்கள். மறுநாள் ஒரு கும்பலே வேலை இல்லாமல் வெளியே நின்றது. கேட்டால் ஹெட் கிளார்க் ஒரே சொல் சொன்னார்: “ஒட்டியிருந்தோமே.”

அந்த ‘ஒட்டியிருந்தோமே’யில் எனக்கு வயிறு எரிந்தது. அன்று மத்தியானமே ஆட்களைக் கூப்பிட்டு, “துன்றப்ப வாய் வேலை செய்யிது, கண்ணு சும்மாதான கீது. வாங்க, படிக்கலாம்” என்றேன்.

சிரித்தார்கள். “இன்னா ஏகாம்பரம், எங்கள கலெக்டர் ஆக்கப் போறியா?” என்று கேட்டவன் கன்னியப்பன். அவனைப் பற்றிப் பின்னால் நிறைய வரும். என்னைவிடப் பத்து வயது மூத்தவன், காதில் கடுக்கன், கொக்கி போட்டு மூட்டை இழுக்கும் கூட்டத்துக்குத் தலையாள். கேலி பேசியவன்தான் முதலில் வந்து உட்கார்ந்தான்.

வகுப்பு நடந்த விதத்தைச் சொல்கிறேன். இதைத்தான் பின்னால் புத்தகம் போட்டார்கள், அதனால் கவனமாகக் கேளுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு துண்டு வாசகம். அதற்கு மேல் கிடையாது. பாடப் புத்தகம் கிடையாது. கண்ணில் தினமும் படுவது எதுவோ அதுதான் பாடம். சோப்பு உறை, டீ பொட்டலம், சினிமா நோட்டீசு, ஆஸ்பத்திரிச் சீட்டு, லாரியின் பின்பலகை. கொண்டுவந்தவன்தான் படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிப்பான். தெரியாத சொல்லுக்கு நான் உடனே அர்த்தம் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் மூன்று கேள்வி.

யாரு சொல்றான்? யாருக்குச் சொல்றான்? நான் இன்னா பண்ணணும்?

இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் பாதிச் சொல் தெரியாவிட்டாலும் சேதி கைக்கு வந்துவிடும். டீ பொட்டலத்தில் எழுதியிருக்கிறவன் டீக் கம்பெனிக்காரன். நம்மைத் திட்டப்போவதில்லை, வாங்கச் சொல்லித்தான் கெஞ்சுவான். கேட்டில் ஒட்டுகிறவன் ஆபீஸ்காரன்; கெஞ்சமாட்டான், செய் அல்லது செய்யாதே என்பான். அது தெரிந்தாலே அங்கே எழுதியிருப்பதில் கால்வாசி விளங்கிவிடும். கடைசியாக ஒன்று: படித்ததை வீட்டில் பெண்டாட்டியிடம் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். ‘இதனால் சகலருக்கும் அறிவிப்பது’ என்று எவனாவது இழுத்தால் நிறுத்திவிடுவேன். “உம் பொஞ்சாதிகிட்ட இப்பிடித்தான் பேசுவியா? ஒயுங்கா சொல்லு.” அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “ஏமே, நாளைக்கு தண்ணி வராதாம், இன்னிக்கே புடிச்சி வை” என்பான். அதுதான் பாஸ்.

கன்னியப்பனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது. “தமிழு பேசிக்கலாம், அத இன்னாத்துக்குப் படிக்கணும்? ஹார்பர்ல எவன் தமிழ்ல எழுதி வெச்சிக்கிறான்?” என்பான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

இப்போது ரொசாரியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஷெட் சூப்பரின்டெண்ட். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ-இந்தியர், ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். காக்கி அரை நிக்கர், முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்ட சாக்ஸ். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. கையெழுத்துக்கூட மேஜைமேல் குனிந்து நின்றபடியே போடுவார். குரல் உயராது. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார், அவ்வளவுதான். இன்னொரு அடையாளமும் உண்டு. எங்களைவிடச் சுத்தமான மெட்ராஸ் தமிழ் பேசுவார், “இன்னா மேன், பேஜார் பண்ணிகினு கீறியா?” என்பார். அப்படிக் கேட்டால் பிழைத்தோம். தண்டனை கொடுக்கும்போது மட்டும் இங்கிலீஷுக்கு மாறிவிடுவார். அவர் வாயிலிருந்து இங்கிலீஷ் வந்தால் ஒருவனுக்குச் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம்.

வகுப்பை அவர் பார்த்துக்கொண்டே போவார். நடத்து என்றும் சொல்லவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை.

வகுப்பு இரண்டு மழைக்காலம் தாண்டி நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் பால் பவுடர் கப்பல் வந்தது.

மூட்டை சாக்கு மூட்டையல்ல, பல அடுக்குக் காகித மூட்டை. ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்பு மையில் மூன்று சொல் அடித்திருந்தது: யூஸ் நோ ஹூக்ஸ். கொக்கி போடாதே என்று அர்த்தம். கொக்கி போட்டால் காகிதம் கிழிந்துவிடும்.

எங்கள் ஆட்களிடம் இரண்டு வகைக் கொக்கி இருந்தது. ஒன்று சொந்தக் கொக்கி, கொல்லன் பட்டறையில் தன் கைக்கு ஏற்றபடி அடித்து வாங்கியது. இன்னொன்று ஸ்டோர் கொக்கி, கம்பெனி கொடுப்பது, பெரியது, எல்லாவற்றிலும் எண் குத்தியிருக்கும். அதை எங்கள் பேச்சில் ‘நெம்பர் கொக்கி’ என்போம். சொந்தக் கொக்கி வைத்திருக்கிறவன் நெம்பர் கொக்கியைத் தொடமாட்டான். மேலிடமோ நெம்பர் கொக்கியைத்தான் எடுக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். துறைமுகத்தில் எங்கே திரும்பினாலும் ‘நோ’ என்று பெயின்ட் அடித்திருக்கும். நோ மூன்று ஷெட். நோ ஐந்து கேட். நோ இரண்டு கிரேன். நெம்பர் என்பதன் சுருக்கம் அது. என், ஓ என்று இரண்டு எழுத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். எங்கள் பெயின்டர் புள்ளி வைக்கிற பழக்கமே இல்லாதவன். பீடி பிடிக்காதே என்ற சிவப்புப் பலகையிலும் ‘நோ’ இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பலகையை எவனும் படித்ததில்லை. சிவப்பைப் பார்த்தாலே பீடி காதுக்குப் போய்விடும்.

அன்று நான் வார்ஃபின் மறுகோடியில் வேறு கப்பலுக்கு டேலி எடுத்துக்கொண்டிருந்தேன். நடந்ததைக் கன்னியப்பனே பிறகு எனக்குச் சொன்னான்.

கூட்டத்தில் ஒருவன் கேட்டிருக்கிறான், “இன்னாண்ணாத்தே, மூட்ட முதுகுல ஏதோ போட்டுக்கீது?”

கன்னியப்பன் விரல் வைத்துப் படித்திருக்கிறான். “யூஸ்... நெம்பர்... ஹூக்ஸ். அட, நெம்பர் கொக்கிதான் போடணுமாம்டா! எல்லாம் சொந்தக் கொக்கிய உள்ள வைங்க. ஸ்டோருக்குப் போயி நெம்பர் கொக்கி எடுத்துகினு வாங்க.”

“சொந்தக் கொக்கிக்குத்தான் கை பழகிக்கீது, அத்தப் போயி...”

“எழுதிக்கீது இல்ல? படிச்சதுக்கப்புறம் படிக்காதவன் மாதிரி பேசாத.”

ஸ்டோரில் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். பெரிய கொக்கி, கூர் அதிகம். மூட்டை மூட்டையாகக் கிழிந்தது. சத்தம் கேட்டு நான் ஓடிவந்தபோது, கூட்டம் முழுக்க விபூதியில் புரண்டெழுந்ததுபோல வெள்ளையாக நின்றது. ஹார்பர் பூனைகள் எல்லாம் கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல வந்திருந்தன. நடுவில் கன்னியப்பன், கையில் நெம்பர் கொக்கியோடு, “எழுதினபடிதான் செஞ்சேன்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ரொசாரியோவின் அறைக்குக் கூப்பிட்டார்கள். தொப்பி மேஜைமேல் கவிழ்ந்திருந்தது. ஹெட் கிளார்க் ஒருபக்கம், நானும் கன்னியப்பனும் ஒருபக்கம். ரொசாரியோ இங்கிலீஷில் கேட்டார், “இவனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்?”

“நான்தான்” என்றேன்.

ஹெட் கிளார்க் கெட்டவரல்ல, ஆனால் கையெழுத்து அழகாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவர். அவர் சொன்னார், “சார், எழுத்து தெரியாதவனாக இருந்தால் வந்து கேட்டிருப்பான். சரக்கு பிழைத்திருக்கும். அரைகுறையாகத் தெரிந்ததுதான் வினை. வகுப்பை மூடிவிடலாம்.” பிறகு கன்னியப்பனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “யோவ், பிழைக்கிற வழியைப் பார். எனக்குப் படிக்கத் தெரியாது, மூட்டையில் எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு. அப்படியானால் உன்னிடம் சொல்லாதது மேஸ்திரியின் தப்பு. ஒரு எச்சரிக்கையோடு போய்விடும். படிக்கத் தெரியும் என்றால், தெரிந்தே செய்தாய் என்றாகிவிடும். வேலை போகும்.”

அவர் சொன்னது நல்லதற்குத்தான். எனக்கும் அந்த நிமிஷம், சொல்லித் தொலையேன் என்றுதான் இருந்தது. கன்னியப்பன் தலையிலிருந்து பவுடர் உதிர்ந்துகொண்டிருந்தது. வீட்டில் அவனை நம்பி எத்தனை வாய் என்று எனக்குத் தெரியும்.

அவன் ரொசாரியோவைப் பார்த்துச் சொன்னான், “எனக்குப் படிக்கத் தெரியும் தொரை.”

“என்ன?”

“தெரியும். தெரியாதுன்னு எங்கப்பன் சொல்லிகினு இருந்தான். நான் சொல்லமாட்டேன். வேலய எடுத்துக்க.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “தொரை, ஒரு நிமிஷம் வெளியே வாங்க” என்றேன். வந்தார். வாசலில் நின்றே கையைக் காட்டினேன். “அதோ ஷெட்டு, அது இன்னா நோ? நெம்பர். அதோ கிரேன், அது இன்னா நோ? நெம்பர். கேட்டு, ஹைட்ரன்ட், தண்ணித் தொட்டி, எல்லாம் நெம்பர். வருஷக்கணக்கா அவன் கண்ணுல நீங்க நெம்பர் நெம்பர்னு எழுதினீங்க. இன்னிக்கி ஒரு மூட்டையில மட்டும் அது ‘கூடாது’ன்னு மாறிக்கினா, மூட்ட வந்து அவன் காதுல சொல்லுமா? தப்பு அவனுதும் இல்ல, என்னுதும் இல்ல. புள்ளி வெக்காதவன் யாரோ அவனக் கூப்புடுங்க.”

தப்பு என்னுடையது என்று அன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. இதை அடிக்கோடு போட்டு அச்சடியுங்கள்.

ரொசாரியோ ஷெட்டைப் பார்த்தார், கிரேனைப் பார்த்தார். “நல்லா ஞாயம் பேசற மேன்” என்றார். தமிழுக்கு வந்துவிட்டார் என்று எனக்கு உயிர் வந்தது. ஆனால் உடனே இங்கிலீஷுக்குப் போனார். இந்த வாரம் முடிவதற்குள் ஒருநாள், சோற்று வேளையில், தான் ஒன்று கொண்டுவந்து கொடுப்பதாகவும், அதைக் கன்னியப்பன் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும் என்றும், சொன்னால் வேலையும் வகுப்பும் இருக்கும், சொல்லாவிட்டால் இரண்டும் போகும் என்றும் சொன்னார். என்னைப் பார்த்து, “அன்னிக்கி நீ வாயத் தொறந்தா, கிளாஸ் இல்ல” என்றார். இதைத் தமிழில் சொன்னார், எனக்கு நன்றாக விளங்க வேண்டும் என்று.

அடுத்த சில நாட்கள் நாங்கள் ‘நோ’வைத்தான் தேடிக்கொண்டு திரிந்தோம். ராயபுரத்துச் சுவர்களில் எங்கெங்கே ‘நோ’ இருந்ததோ அங்கெல்லாம் கன்னியப்பனை இழுத்துக்கொண்டு போனேன். ஒரு சுவரில் ‘ஸ்டிக் நோ பில்ஸ்’, நோட்டீசு ஒட்டாதே என்று அர்த்தம். அதன்மேலேயே சினிமா போஸ்டர் ஒட்டியிருந்தது.

“பாத்தியா, ஒட்டினவனும் நெம்பர்னுதான் படிச்சிக்கிறான்” என்றான் கன்னியப்பன்.

இன்னொரு சுவரில் ‘கமிட் நோ நியூசன்ஸ்’. அதன் கீழே ஒருத்தர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

“யோவ் பெருசு, எயுந்துரு. இங்க அசிங்கம் பண்ணக்கூடாதுன்னு எழுதிக்கீது” என்றேன்.

“எங்கப்பன் காலத்துலேர்ந்து இங்கதான் குந்திகினு இருக்கோம்” என்றார் அவர், எழுந்திருக்காமல்.

ஆனால் அங்கேதான் கன்னியப்பன் வழியைக் கண்டுபிடித்தான். நான் சொல்லித்தரவில்லை, அவனே சொன்னான்: “நோவுக்குப் பின்னால எண்ணு வந்தா நெம்பரு. பேச்சு வந்தா, கூடாது.” அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ரொசாரியோ எந்த ‘நோ’வைக் கொண்டுவந்தாலும் பிடித்துவிடுவான் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

அவர் ‘நோ’வைக் கொண்டுவரவில்லை.

சங்கு ஊதி, எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறந்தபோது தாழ்வாரத்துக்கு வந்தார். பின்னால் ஹெட் கிளார்க். என்னை ஒரு கள்ளிப்பெட்டிமேல் உட்காரச் சொல்லி, வாயைக் காட்டி விரலை ஆட்டினார். பிறகு நிக்கர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கன்னியப்பன் கையில் கொடுத்தார். தக்கை போட்ட பாட்டில். உள்ளே மோர் மாதிரி ஏதோ இருந்தது. ஒட்டியிருந்த காகிதத் துண்டில் இரண்டு வரி.

“படி மேன்.”

கன்னியப்பன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். கூட்டத்தில் ஒருவன் கருவாட்டைக் கடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

“நாட்... டு... பி... டேக்கன்.” அடுத்த வரி. “ஷேக்... த... பாட்டில்.”

“படிச்சிட்ட. இன்னா சொல்லுது?”

கன்னியப்பன் முகம் மலர்ந்தது. ‘டேக்’ அவனுக்குத் தெரிந்த சொல். ஹார்பரில் காலை முதல் மாலை வரை காதில் விழும் சொல்: இதை ஷெட்டுக்கு எடு, அதை வண்டிக்கு எடு. “எடுத்துகினு போகக்கூடாது” என்றான். “திருடாதேன்னு போட்டுக்கிறான்.”

ஹெட் கிளார்க் பெருமூச்சு விட்டார். எனக்குச் சரியான அர்த்தம் உள்நாக்குவரை வந்துவிட்டது. நான் வாயே மூடாதவன், எல்லோருக்கும் தெரியும். அன்று என் வேட்டி நுனியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்து அவன் தெரிந்துகொண்டான் என்று பேச்சு வரக்கூடாது என்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதனால் மீதியை நான் காதால்தான் கேட்டேன்.

ரொசாரியோ சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பாட்டிலுக்குக் கை நீட்டியிருக்கிறார்.

“இரு தொரை” என்றது கன்னியப்பன் குரல். “நான் இன்னும் முடிக்கல. எங்க கிளாஸ்ல மூணு கேள்வி கீது. அத்தக் கேக்காம சொல்லிட்டேன்.”

“கேளு.”

“யாரு சொல்றான்? பாட்டில்ல சீட்டு ஒட்டினவன். மருந்துக் கடைக்காரன். யாருக்குச் சொல்றான்? நோவுக்காரனுக்கு.” தக்கையை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. “இங்கதான் ஒதைக்குது. நோவுக்காரன் துட்டு குடுத்து வாங்கிட்டான். அவன் கைல குடுத்துட்டு எடுத்துகினு போகாதேன்னா, அவன் எப்பிடி வூட்டுக்குப் போவான்? கடைலயே குந்திகினு இருப்பானா?”

யாரோ சிரித்தார்கள். யாரோ சிரித்தவனை அடக்கினார்கள்.

“அப்போ இது வேற டேக்கு” என்றான் கன்னியப்பன். “ஆஸ்பத்திரில கம்பவுண்டர் எம் பொஞ்சாதிகிட்ட மாத்திரய குடுத்து, மூணு வேள டேக் பண்ணுமான்னு சொன்னான். அவ இன்னா மாத்திரய தூக்கிகினு ஓடினாளா? முழுங்கினா. அதான்! டேக்குன்னா முழுங்கறது. இத்த முழுங்கக்கூடாது.”

“மூணாவது கேள்வி?” இது ரொசாரியோ.

“நான் இன்னா பண்ணணும்? பாட்டில குலுக்கணும், அது எழுதிக்கீது. வாயில ஊத்தக்கூடாது. வாயில ஊத்தாத மருந்து இன்னாத்துக்கு? தடவறதுக்கு.” பிறகு அந்தப் படுபாவி கேட்டான், “ஏன் தொரை, உனக்கு எங்க நோவு? முட்டியா?”

அதற்குமேல் என்னால் கடலைப் பார்க்க முடியவில்லை. திரும்பினேன். ரொசாரியோ பாட்டிலை வாங்கி நிக்கர் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். முழங்காலை மடக்க முடியாமல்தான் அவர் இத்தனை வருஷம் நின்றுகொண்டே இருந்தார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

“முட்டிதான்” என்றார். “சோறு துன்னுங்கபா. சங்கு ஊதப் போவுது.”

எல்லாம் தமிழ். கன்னியப்பன் வேலை நிலைத்தது, வகுப்பும் நிலைத்தது. மறுவாரம் பெயின்டர் ஏணியோடு வந்து ஒவ்வொரு ‘நோ’வுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போனான். அந்தப் புள்ளிகளுக்கும் நானே காரணம், போகிறபோது பாருங்கள்.

அதன்பின் மற்ற ஷெட்டுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எண்ணூர்ப் பக்கத்து ஆலை ஆட்கள்கூட ஞாயிற்றுக்கிழமை வந்து எப்படி நடத்துவது என்று கேட்டுக்கொண்டு போனார்கள். நல அதிகாரி வந்ததெல்லாம் அதற்கும் பிறகுதான். சின்ன வயசு, நல்ல மனுஷன். பெஞ்சு வாங்கிக் கொடுத்தார், அறை வாங்கிக் கொடுத்தார். இல்லை என்று சொல்லமாட்டேன். தாழ்வாரத்தில் எங்களோடு உட்கார்ந்து, மூன்று கேள்வியையும், வீட்டில் சொல்வதுபோலச் சொல் என்பதையும், ‘நோ’வுக்குப் பின்னால் எண் வந்தால் நெம்பர் என்பதையும் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பேர். உள்ளே எங்கள் மூன்று கேள்விகளும் சலவை செய்து இஸ்திரி போட்டு நின்றன: ‘கூறுபவர் யாவர்? யாரை நோக்கி? வாசகர் ஆற்ற வேண்டியது யாது?’ என் பேர் இல்லை. கன்னியப்பன் பேர் இல்லை. ‘ஒரு தொழிலாளி’ என்று ஓரிடத்தில் இருந்தது.

நேரே போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “மிஸ்டர் ஏகாம்பரம், இதெல்லாம் பொது அறிவுதானே? இதற்கு யார் சொந்தம் கொண்டாட முடியும்?” என்றார்.

“பொதுன்னா அட்டைல உங்க பேரு இன்னாத்துக்கு சார்?” என்றேன்.

அவருக்கு அவசரமாக எங்கேயோ போக வேண்டியிருந்தது.

அதிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ஆபீசில் கேட்டேன், சங்கத்தில் கேட்டேன். “விடுப்பா, ஊருக்கு நல்லதுதானே நடந்தது” என்றார்கள். நல்லது நடந்தது என்று எனக்குத் தெரியும். செய்தவன் நான். ஊருக்கு நல்லது செய்தவன் பேரை ஊர் மறந்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பெரிய இடத்துப் பிள்ளை ஒரு குழாய் திறந்துவைத்தால் கல்லில் பேர் வெட்டுகிறார்கள். மூட்டை தூக்கினவன் செய்தால் மட்டும் அது பொதுவாகிவிடுமா? தன்னடக்கம் வேண்டும் என்று எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் அந்தப் புத்தியை அட்டையில் பேர் போட்டுக்கொண்டவரிடம் முதலில் சொல்லிவிட்டு வாருங்கள்.

கன்னியப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்காகக் கேட்க நான்தான் பாக்கி. அதனால் பிள்ளைகளே, அடுத்த மலரில் நீங்கள் போட வேண்டியதை நானே எழுதித் தருகிறேன். ‘துறைமுகத்து இங்கிலீஷ் வாசிப்பு வகுப்பைத் தொடங்கியவர் ஏகாம்பரம், மூன்றாம் வகுப்பு. அது மூடப்படாமல் காத்தவர் கன்னியப்பன், கொக்கி ஆள்.’ அதிகாரி படத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. பக்கத்தில் போடுங்கள், ‘பெஞ்சு வாங்கிக் கொடுத்தவர்’ என்று. நான் கண்ணை மூடியபிறகு ‘அமரர்’ என்று சேர்த்துப் போடலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். உயிரோடு இருக்கும்போதே அடியுங்கள். அச்சுக்குப் போகும் முன்னால் தாளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். என் பேரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நானே படித்துப் பார்க்க வேண்டும்.